அழுகைக்கு முன்னால் ஓர் அடி

மதுரையில் அவர் அழுவதைப் பார்ப்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஆனையூர்ப் பக்கமிருந்து வரும் பெண்கள், "இன்னிக்கு நெஞ்சு ஆற அழுதுட்டு வரணும்டி" என்று சொல்லிக்கொண்டேதான் நாடகக் கொட்டகைக்குள் நுழைவார்கள். காட்டில் மகனைப் பறிகொடுத்த ராஜாவாக மூன்றாம் அங்கத்தில் அவர் வந்து நிற்பார். பேசுவதற்கு முன்பே கண்ணில் நீர் திரண்டிருக்கும். விசும்பல் தரை டிக்கெட்டில் ஆரம்பித்து நாற்காலி வரைக்கும் போகும். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மேடையேறுவதற்கு முன்னால் அவரை அடித்தவன் நான்.

கம்பெனியில் என் வேலை வேஷம் போட்டுவிடுவது. அரிதாரம் குழைப்பேன், புருவம் எழுதுவேன், மீசை ஒட்டுவேன். நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த அன்றே மூன்றாம் அங்கத்துக்கு முன்னால் அவர் என்னைப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, கையில் ஒரு புளிய விளாரைக் கொடுத்தார். ராஜ உடுப்பை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார்.

"கெண்டைக்கால்ல ஒண்ணு போடு தம்பி."

புதிதாக வந்தவனைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே லேசாகத் தட்டினேன். அவர் திரும்பி என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். என் பல் நாக்கில் பட்டு ரத்தம் உப்புக் கரித்தது.

"இம்புட்டுப் பலம் வேணும். தெரிஞ்சுக்கிட்டியா? இப்பப் போடு."

வந்த ஆத்திரத்தில் போட்டேன். விளார் விழுந்த இடம் சிவப்பதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. "ம், நல்ல கை" என்று முணுமுணுத்துவிட்டு உடுப்பை இறக்கி மேடைக்குள் நடந்தார். கொட்டகை அழுதது.

இதை அவர் ரகசியமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் என்னிடம் அதைப் பற்றிப் பேசும்போது, வெயில் மழையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். ஏழு வயதில் அவரைப் பையன்கள் நடிக்கும் ஒரு கம்பெனியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்த வாத்தியார் அழுகிற வேஷத்துக்கு இவரைப் பிடித்துப் போட்டார். தட்டிக்குப் பின்னால் பிரம்போடு நிற்பார். பையன் மேடையில் கால் வைக்கப் போகும் நேரம் பார்த்து ஒன்று இழுப்பார். பத்து வருஷம் இப்படி.

"அழுகைன்னா எனக்கு முன்னாடி ஒரு அடி வேணும் தம்பி. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னான்?" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இவ்வளவு சொன்னால் அவரை முரடன் என்று நினைத்துவிடுவீர்கள். கோபம் உண்டு, கை நீளும், அதுவும் பெரியவர்களிடம்தான். கம்பெனிப் பையன்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பாட்டு வாத்தியார் ஒருவர் ஒரு பையனின் காதைத் திருகினார் என்று அன்றே அவரை மூட்டை கட்ட வைத்தார். ஒரு முறை காளவாசலிலிருந்து குதிரை வண்டியில் டவுனுக்கு வந்துகொண்டிருந்தோம். வண்டிக்காரன் குதிரையைச் சாட்டையால் சுளீரென்று இழுத்தான். அவர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டார். மீதி தூரத்தை அந்த உச்சி வெயிலில் நடந்தே வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவேயில்லை. வலி பொறுக்கிற மனுஷன் இதற்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

உடம்பு ஒரு திருட்டு நாய். எதையும் பழகிக்கொள்ளும். இரண்டு வருஷத்தில் கெண்டைக்கால் மரத்துப்போனது. பிறகு முதுகு. விளார் போய்ப் பிரம்பு வந்தது. முதுகில் தழும்பின் மேல் தழும்பாக, உழுத புஞ்சை போலக் கிடக்கும். திறந்த உடம்போடு நிற்கும் காட்சி என்றால் நான் ஒரு மணி நேரம் முதுகுக்கு மட்டும் வெள்ளை பூச வேண்டியிருக்கும். அதுவும் மரத்துப்போன பிறகு ஒரு நாள், "கன்னத்துல போடு. வெறுங்கையால போடு" என்றார். அப்படித்தான் என் உள்ளங்கை அவர் முகத்துக்குப் போனது.

பழகியது அவர் உடம்பு மட்டுமல்ல, என் கையும்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டில் உப்பில்லை என்று என் பெண்டாட்டியை அறைந்திருக்கிறேன். அறைந்துவிட்டு, அவள் கண் எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "நீங்க முன்ன இப்படி இல்லையே" என்று ஒரு நாள் கேட்டாள்.

இனி எல்லாவற்றையும் மாற்றிய ஓர் அடிக்கு வருகிறேன். புது நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை. பகல் நேரம், கம்பெனி முழுக்கக் கூடியிருந்தது. வயசான ராஜாவாக அவருக்கு வேஷம் போட்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "வேஷம் போடச் சொன்னா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கான்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் நடிகனுக்கு நிறுத்தத் தெரியாது. அரிதாரக் கிண்ணத்தை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். மஞ்சள் என் கண்ணில், வாயில், சட்டையில் வழிந்தது. ஆர்மோனியக்காரர் பெட்டியில் தலை வைத்துச் சிரித்தது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்று ராத்திரி பழைய நாடகத்தில் மூன்றாம் அங்கம் வந்தது. வழக்கம் போலத் தட்டிக்குப் பின்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார். நான் கையை விரித்து அடிப்பதுதான் வழக்கம். அன்று கையைக் குழித்தேன். கன்னத்தை விட்டுக் காதைப் பார்த்தேன். என் உடம்பில் இருந்த பலம் முழுவதையும் அந்தக் கையில் இறக்கினேன். மண்சட்டி விரிசல் விட்டது போல ஒரு சத்தம் வந்தது.

இடது காதிலிருந்து நூல் போல ரத்தம் இறங்கியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் துணியால் துடைத்து, மேலே பவுடரை அப்பினேன். மேடைக்குப் போனார். அன்று அழுதது போல அவர் அதற்கு முன் அழுததில்லை. ஆனால் பாட்டை எடுத்தபோது சுருதி விலகியது. ஆர்மோனியக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏழு வயதிலிருந்து ஏறிய மேடையில் அவருக்குச் சுருதி விலகியது அதுதான் முதல் தடவை.

இடது காது அவிந்துவிட்டது. அவருக்கு இடது பக்கமாகவே இருந்துவந்த ஆர்மோனியத்தை அடுத்த வாரம் வலது பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். பாடும்போது தலையைச் சாய்த்து வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்தார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அது எடுபட்டது. ஆறு மாதத்தில் மதுரையைச் சுற்றி நாடகம் போட்ட சின்ன ராஜபார்ட்டுகள் எல்லாம் ஆர்மோனியத்தை வலது பக்கம் மாற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு பாடினார்கள். "என்னா ஒரு ஸ்டைலு!" என்று ஜனங்கள் கைதட்டினார்கள். நல்ல காதுள்ள அத்தனை பேரும் என் அறையை மேடையில் நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. அடி விழுந்த மறுநாளே காது டாக்டர், இன்னொரு அடி விழுந்தால் மிச்சமுள்ள காதும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அவர் சட்டையைத் துவைக்கும்போது காலரில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கிளம்புங்க. அழகர்கோவில் வரைக்கும் போயிட்டு வருவோம்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில், சந்தனம் அப்பிய அந்த மூடின கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். இந்தப் பக்கத்து ஆட்கள் கோர்ட்டில் பொய் சொல்வார்கள், கருப்பன் கதவுக்கு முன்னால் சொல்லமாட்டார்கள்.

"எம் புருசன் மேல இனிக் கை ஓங்க மாட்டேன்னு சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அவரு கேட்டாலும், கெஞ்சுனாலும், மாட்டேன்னு."

"மதினி, அவருதான்..."

"தெரியும் தம்பி. அவரு அழுகணும்கிறதுக்காக நான் செவிடனுக்கு வாக்கப்படணுமா? பாட்டுப் போச்சுன்னா அவரு செத்துருவாரு."

எரிகிற சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தேன். அந்தக் கடைசி அடி வேலைக்காக அடித்ததல்ல, கோபத்தில் அடித்தது என்பதை மட்டும் அந்த வாசலிலும் நான் சொல்லவில்லை. கருப்பனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆட்டத்தில் தட்டிக்குப் பின்னால் முகத்தைக் கொடுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "ஒன்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். வறண்ட கண்ணோடு மேடைக்குப் போனார். வசனம் இருந்தது, குரல் இருந்தது, கண்ணீர் இல்லை. முதல் நாள் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆட்டத்தில் சீட்டி அடித்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு சோடாப் புட்டி பறந்துவந்து அவர் நெற்றியில் உடைந்தது. புருவத்தின் மேல் தோல் பிளந்து ரத்தம் கொட்டியது. அந்த நிமிஷமே கண்ணீரும் கொட்டியது. மகனே என்று அவர் அலறிய அலறலில், புட்டி வீசியவனும் அழுதிருப்பான். உள்ளே வந்து நெற்றியைத் துணியால் அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? நீ மாட்டேன்னா ஊரு அடிக்குது."

ஆனால் தினமும் புட்டி பறக்குமா? முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்தார். இவர் அழுகை வருமா என்று தன் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். தனியாக உட்கார்ந்து உள்ளங்கையில் நகத்தால் கீறிக்கொள்வார். ஒன்றும் பலிக்கவில்லை. தனக்குத்தானே செய்துகொள்கிற எதற்கும் அந்தக் கண் அசையவில்லை.

அப்போதுதான் அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. காளவாசலுக்கு மேற்கே, வண்டித்தடத்தில் இரண்டு மணி நேரம் போனால் அந்த ஊர். காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். பஞ்சத்தில் ஏழு வயதுப் பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பியவள் அந்த அம்மாள்தான். வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டு முழங்கியது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனம் வந்து குவிந்திருந்தது. சாவுக்கு வந்தவர்கள் பாதி. ஊரை அழவைத்தவர் பெற்ற தாய்க்கு எப்படி அழுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி.

அவர் தாயின் கால்மாட்டில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கல்லில் செய்த முகம்.

"நாடகத்துல கூலிக்கு அழுகுறவருக்கு இங்கன யாரு கூலி குடுக்குறது?" என்று ஒரு பெண் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அவருடைய வலது காதிலும் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். வைக்கோல் படப்பு. பக்கத்தில் அவிழ்த்துவிட்ட வண்டி, அதில் மாட்டை அடிக்கிற சாட்டைக்கம்பு சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து என் கையில் திணித்தார்.

"ஒண்ணு போடு தம்பி."

"கருப்பன் வாசல்ல சத்தியம் பண்ணியிருக்கேண்ணே."

"பெத்தவ கிடக்குறாடா. இது நடிக்கிறதுக்கு இல்ல. எங்காத்தாளுக்கு ஒரே ஒரு தடவ அழுகணும். உள்ளுக்குள்ள முட்டுது, வெளிய வர மாட்டேங்குது. செத்துருவேன் போல இருக்கு. காதுல வேணாம், முதுகுல போடு."

சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார். அந்த முதுகை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவரைப் பெற்றவளுக்கும் தெரியாது. அவர் தேம்புவது போலத் தோளைக் குலுக்கினார், ஆனால் அழுகை இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சத்தியத்தை மீறினேன். ஒன்று போட்டேன். இரண்டு. மூன்றாவது அடியில் தோல் கிழிந்தது.

"வரலடா. இன்னும் போடு."

நான்காவதுக்குக் கை ஓங்கியபோது படப்பைச் சுற்றிக்கொண்டு அவருடைய பங்காளி முறைத் தம்பி வந்தான். பாடை கட்ட வெட்டிய பச்சை மூங்கில் அவன் தோளில் இருந்தது.

"அடேய்! சாவு வீட்டுக்கு வந்து எங்க அண்ணனையே அடிக்கிறியா?"

கூப்பாட்டுக்கு ஆறேழு பேர் ஓடிவந்தார்கள். நான் என்ன சொல்வதற்கும் இடமில்லை. முதல் அடி முதுகில், அடுத்தது முழங்காலில். கீழே விழுந்தேன். தலையை மறைக்க வலது கையைத் தூக்கினேன். மூங்கில் விரல்களின் மேல் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி அதே கையில். அதற்குப் பிறகு உதைகள்தான். வாயில் வைக்கோலும் ரத்தமும்.

அவர் பத்தடி தூரத்தில் நின்றார். நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். "அண்ணே, சொல்லுங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் வாய் திறந்தது. நான் பார்த்தேன். தாடை நடுங்கியது, உதடு கோணியது. வார்த்தை வரவில்லை. கண்ணில் நீர் வந்தது. திரண்டு, இமை தாண்டி, பொலபொலவென்று நெஞ்சில் இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"ஆத்தா!" என்று ஒரு குரல் கேட்டது.

மேடையில் நூறு தடவை கேட்ட குரல்தான். ஆனால் இது வேறு. ஒப்பாரி நின்றுவிட்டது, கொட்டு நின்றுவிட்டது. என்னை அடித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மூங்கிலை ஊன்றிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். முறிந்த கையோடு கிடந்த நானும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். எவ்வளவு நன்றாக அழுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

அந்த மூங்கிலில்தான் பாடையைக் கட்டினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். முதலில் வந்தவர் மதினி. நெற்றியில் கருப்பன் சந்தனத்தை இட்டுவிட்டு, "கையோட விட்டானே தம்பி" என்று அழுதார். அவர் ஒரு மாதம் கழித்து வந்தார். வலது காது என் பக்கம் இருக்கும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். நான் கேட்க நினைத்தது அது ஒன்றுதான்.

அவர் என் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுகை வந்துருச்சுடா. வாயத் தொறந்தா போயிருமோன்னு பயந்துட்டேன்."

அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவரே பேசினார்.

"காதுல போட்டியே, அது கோவத்துல போட்டதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதுக்காகச் சும்மா நின்னேன்னு நெனச்சுக்காத. ஆத்தா மேல ஆணை. இன்னொண்ணு சொல்லவா? முந்தாநாள் மேடை ஏறுனேன். யாரும் என்னையத் தொடல. படப்போரமா நீ கெடந்தத நெனச்சேன். வந்துருச்சு. இனி அடி வேணாம் தம்பி. நீ போதும்."

ஏதோ பெரிய பரிசு கொடுப்பது போலச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் கழுத்தை நெரித்திருப்பேன், கை இருந்திருந்தால். அதே நேரத்தில், அவர் மிச்சக் காது பிழைத்தது என்று சந்தோஷமாகவும் இருந்தது. இந்த இரண்டையும் நான் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் விரல்கள் மடங்கவில்லை. புருவம் எழுதுகிற கை போனது, அடிக்கிற கையும் போனது. என் பெண்டாட்டி அதன் பிறகு நிம்மதியாக இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காளவாசலில் ஒரு வெற்றிலைபாக்குக் கடை வைத்தேன். அவர் பேசும்படத்துக்குப் போனார். அங்கே அழுவதற்குக் கண்ணில் ஏதோ மருந்து போடுவார்களாம். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாலே போதுமாம். கண்ணைத் திறக்கும்போது நீர் வழியுமாம். பத்திரிகைகள் எல்லாம் இதை ஒரு தெய்வ அருள் போல எழுதின.

அவருடைய முதல் படம் மதுரைக்கு வந்தபோது கடையைச் சாத்திவிட்டுப் போனேன். திரை முழுக்க அவர் முகம். தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்து நின்றார். புருவத்துக்கு மேல் சோடாப் புட்டித் தழும்பு. கண்ணை மூடினார். எனக்கு வலது கை முழுவதும் விண்ணென்று தெறித்தது. கண்ணைத் திறந்தார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் தொடங்கி, கொட்டகை முழுக்கப் பரவியது.

பக்கத்தில் இருந்த சம்சாரி துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏண்ணே, உசுரக் குடுத்து அழுகுறாரே, மனசுல என்னத்த நெனச்சுக்கிட்டு இப்படி அழுகுவாரு?"

"என்னையத்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். திரையில் அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். நான் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.